சூரை மீன் ஸ்டேக்கை வீட்டிலேயே கிரில் செய்தல்: தேர்வு முதல் தட்டு வரை

கிரில்லில் சுடும் மீன்களுள் மிகக் குறைந்த நேரம் நெருப்பில் இருக்க வேண்டியது சூரை. டூனா என்ற பெயரில் ஸ்டேக் துண்டுகளாக விற்கப்படும் இந்த மீன் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனில் இருந்தால், நன்றாகக் காய்ந்த கம்பித்தட்டின் மேல் பக்கத்திற்கு இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் இன்னும் இரண்டு நிமிடம் விட்டுவிட்டால், அதே துண்டு நீர் வற்றி, நார் நாராகப் பிரிந்து, டின்னில் அடைத்த சூரையைவிடவும் வறண்டதாகிவிடும். பிற மீன்களில் ஒரு நிமிடம் முன்பின்னாக ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். சூரையில் அந்த ஒரு நிமிடத்திற்கு இடமில்லை. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, மீன் நெருப்பைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியதாக இருக்கும்.

சூரை ஓயாமல் நீந்தும் மீன். நீந்துவதை நிறுத்தினால் அதன் செவுள்களுக்குள் போதிய நீர் பாயாது, மூச்சும் நின்றுவிடும். அந்த உழைப்புக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தசைக்குள் வைத்திருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் மிகுதியாக இருப்பதால்தான் அதன் சதை சிவந்திருக்கிறது. ஆனால் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டப்படும் ஸ்டேக்கில் கொழுப்பு மிகவும் குறைவு. சூடு ஏற ஏறத் தசைப் புரதங்கள் சுருங்குகின்றன. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வரை அந்தச் சுருக்கம் மிதமாக இருக்கும், 60 டிகிரியைத் தாண்டும்போது தசை தன்னிடமிருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். அந்த வறட்சியை ஈடுகட்டக் கொழுப்பும் இராது. மறுபுறம், மேற்பரப்பில் பழுப்பு நிறமும் சுட்ட மணமும் உண்டாக வேண்டுமானால் அங்கே வெப்பம் 140 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். வெளியே 140க்கு மேலும் உள்ளே 50ஐ ஒட்டியும் வெப்பத்தை ஒரே நேரத்தில் நிறுத்துவதுதான் இங்கே வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றுக்காகவே.

துண்டைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்டேக்காகக் கிடைப்பவற்றுள் மஞ்சள் துடுப்புச் சூரையும் பெருங்கண் சூரையும் மிகுதி. முன்னது கொழுப்புக் குறைந்தது, இறுகிய சதையுடையது, கிரில்லுக்கு மிகவும் ஏற்றது. பின்னதில் கொழுப்பு சற்றுக் கூடுதல் என்பதால் ஒரு சில நொடிகள் பிசகினாலும் தாக்குப்பிடிக்கும். அல்பகோர் எனப்படும் வகையின் சதை வெளிறியது, மென்மையானது. சுடலாம், ஆனால் திருப்பும்போது கவனம் வேண்டும். நீலத்துடுப்புச் சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதி நெருப்பில் உருகி ஒழுகிவிடும். பச்சையாக உண்பதற்கென்றே பலர் தேடும் அந்தப் பகுதியைக் கிரில்லில் இடுவது வீண் என்பது என் கருத்து.

இனத்தைவிட முக்கியமானது தடிமன். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டில், வெளிப்புறம் பழுப்பாவதற்குள் நடுப்பகுதி முழுதாக வெந்துவிடும்; எவ்வளவு திறமையாகச் சுட்டாலும் இதைத் தவிர்க்க முடியாது. மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் தடிமன் மிகச் சிறந்தது. ஓர் ஆளுக்கு 170 முதல் 220 கிராம் வரை கணக்கிடலாம். கடையில் மெல்லிய துண்டுகளே இருக்குமானால், ஆளுக்கொரு மெல்லிய துண்டு வாங்குவதைவிட, இருவருக்குமாகச் சேர்த்து ஒரே தடித்த துண்டாக வெட்டித் தரச் சொல்லி, சுட்ட பிறகு பகிர்ந்துகொள்வது நல்லது. துண்டு முழுவதும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; ஆப்பு வடிவில் ஒரு பக்கம் சரிந்திருந்தால் சரிந்த பக்கம் நிச்சயமாக வறண்டுபோகும்.

நிறத்தைப் பார்த்து மதிப்பிடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மயோகுளோபின் காற்றுடன் வினைபுரிந்து மெல்ல மெல்லப் பழுப்பாக மாறும் என்பதால், விளிம்பு பழுப்பேறிய துண்டு வெட்டி நாளானது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இதன் மறுதலை உண்மையன்று. சில இடங்களில் சூரைத் துண்டுகளைக் கார்பன் மோனாக்சைடு வாயுவில் பதப்படுத்துகிறார்கள்; அந்த வாயு மயோகுளோபினுடன் பிணைந்து, மீன் பழையதான பின்னும் மாறாத, ஒரே சீரான பளிச்சென்ற இளஞ்சிவப்பைத் தந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இதை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் அனுமதி உண்டு. எனவே கண்ணை முழுதாக நம்பாமல், மூக்கையும் விரலையும் துணைக்கு அழைக்க வேண்டும். நல்ல துண்டில் மெல்லிய கடல் வாடை மட்டுமே இருக்கும். புளித்த வாடையோ அமோனியா நெடியோ இருந்தால் வேண்டாம். அழுத்தினால் சதை மீண்டெழ வேண்டும். வெட்டுப் பரப்பில் வானவில் நிறங்கள் மின்னுவதைக் கண்டு சிலர் தயங்குவார்கள். அது இழைகளின் மேல் ஒளி சிதறுவதால் தோன்றுவதே தவிர, கெட்டுப்போனதன் அறிகுறி அன்று.

துண்டுக்குள் ஓடும் வெண்ணிறக் கோடுகளையும் கவனிக்க வேண்டும். அவை தசையடுக்குகளை இணைக்கும் திசு. வால் பக்கம் நெருங்க நெருங்க அவை நெருக்கமாகவும் கடினமாகவும் இருக்கும்; நான்கு நிமிடச் சூட்டில் அவை முழுதாக இளகுவதில்லை, மெல்லும்போது நாராகத் தட்டுப்படும். கோடுகள் மெலிந்தும் இடைவெளி விட்டும் இருக்கும் நடு முதுகுத் துண்டே கிரில்லுக்கு உகந்தது.

குளிர்ச்சி ஏன் இவ்வளவு முக்கியம்

மற்ற மீன்களைப் பற்றி எழுதும்போது பாதுகாப்பை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடலாம். சூரையில் அப்படி முடியாது. அதன் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் குளிர்ச்சியில்லாமல் கிடக்கும்போது சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒருமுறை உருவான ஹிஸ்டமினைச் சமையல் சூடு அழிக்காது, உறையவைப்பதும் அழிக்காது, வாடையைக் கொண்டு கண்டறியவும் எப்போதும் இயலாது. அத்தகைய மீனை உண்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து சூடாதல், தலைவலி, அரிப்பு, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுப்போக்கு முதலியன தோன்றலாம். பார்ப்பதற்கு ஒவ்வாமை போலவே இருக்கும். மீன் ஒவ்வாமை இல்லாதவருக்கும் வரும். வாயில் வைத்தவுடன் மிளகுபோலச் சுருக்கென்று எரிந்தால், மிளகே சேர்க்காத துண்டாக இருக்கும் நிலையில், அந்தக் கவளத்தோடு நிறுத்திவிடுவது அறிவுடைமை. அறிகுறிகள் தோன்றினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி எளியது: வாங்கிய நொடியிலிருந்து சுடும் நொடி வரை மீன் 4 டிகிரிக்குக் கீழேயே இருக்க வேண்டும். கடையில் மற்றப் பொருள்களை எல்லாம் வாங்கிய பிறகு கடைசியாக மீனை வாங்கி, பனிக்கட்டியோடு எடுத்துவர வேண்டும். வீட்டில் ஃப்ரிட்ஜின் மிகக் குளிர்ந்த தட்டில், ஒரு கிண்ணத்துப் பனிக்கட்டியின் மேல், நீர் படாதவாறு உறையிட்டு வைத்து, அன்றே அல்லது மறுநாள் சமைத்துவிட வேண்டும்.

உறைந்த சூரையைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. படகிலேயே உறையவைக்கப்பட்ட துண்டு, கடையில் பல நாள் பனிக்கட்டியில் கிடந்த "புதிய" துண்டைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தொழில்முறைக் கிடங்குகளில் சூரையை மைனஸ் 60 டிகிரி வரை குளிர்வித்து வைப்பது அதன் நிறம் மாறாமல் காப்பதற்காக. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் நிறம் வாரக்கணக்கில் மெல்லப் பழுப்பேறும் என்பதால் நெடுநாள் சேமிக்க வேண்டாம். உறைந்த துண்டை இளக்க ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் போதும். காற்று நீக்கி அடைத்த உறையில் இருந்தால், இளக்குவதற்கு முன் உறையைக் கிழித்துத் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத சூழலில், ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடிய ஒருவகைக் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா நஞ்சை உண்டாக்க வாய்ப்புண்டு என்பதே காரணம். சமையல் மேடையில் வைத்தோ வெந்நீரில் இட்டோ இளக்கவே கூடாது.

நடுப்பகுதியைப் பச்சையாக விடலாமா

சூரை ஸ்டேக்கைப் பெரும்பாலோர் உள்ளே சிவப்பாக விட்டே உண்கிறார்கள். சுவைக்கு அதுவே சரி. ஆனால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மீனுக்குப் பரிந்துரைக்கும் உள்வெப்பம் 63 டிகிரி என்பதையும், அதற்குக் குறைந்த வேக்காட்டில் ஓரளவு அபாயம் இருக்கவே செய்யும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். கருவுற்றவர்கள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்கள் ஆகியோருக்கு முழு வேக்காடுதான். ஒட்டுண்ணிகளைக் கொல்வதற்காக மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்க வேண்டும் என்ற அமெரிக்க விதியிலிருந்து பெரிய சூரை இனங்களுக்கு விலக்கு உண்டு. அவற்றின் சதையில் ஒட்டுண்ணிகள் அரிது என்பதே அதன் அடிப்படை. அந்த விலக்கு ஒட்டுண்ணிக்கு மட்டுமே பொருந்தும், பாக்டீரியாவுக்கு அன்று. உறையின் மேல் "சஷிமி தரம்" (பச்சையாக உண்ணத் தக்கது என்ற பொருளில்) என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது. உள்ளே பச்சையாக உண்ணப் போவதாக விற்பவரிடமே சொல்லி, அதற்கேற்ற துண்டைக் கேட்டு வாங்குவது மேல்.

பெரிய மீன்களில் பாதரசம் சேரும் என்பதால், கருவுற்றவர்களும் குழந்தைகளும் பெருங்கண் சூரையைத் தவிர்க்க வேண்டும் என்று அதே நிர்வாகம் அறிவுறுத்துகிறது.

சுத்தம் செய்தல், உலர்த்துதல், உப்பிடுதல்

துண்டின் ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை இருக்கும். அது இரத்த ஓட்டம் மிகுந்த தசை. கெட்டதன்று, ஆனால் இரும்பின் கசப்பும் அழுத்தமான மீன் வாடையும் அதில்தான் குடியிருக்கின்றன. கூரிய கத்தியால் அதை முழுதாக நறுக்கி எடுத்துவிடுங்கள். தோல் இருந்தால் அதையும் நீக்கிவிடலாம். சூரையின் தோல் கிரில்லில் மொறுமொறுப்பாக ஆவதில்லை.

அடுத்து உலர்த்துதல். பலரும் அலட்சியப்படுத்துவது இந்தப் படியைத்தான், ஆனால் சுட்ட நிறத்திற்கு இதுவே ஆதாரம். மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை அங்கே வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. நீர் ஆவியாகித் தீரும் வரை துண்டு சுடப்படுவதில்லை, அவிக்கப்படுகிறது. அந்த வீணான ஒரு நிமிடத்தில் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். சமையலறைத் தாளால் எல்லாப் பக்கங்களையும் ஒற்றி, தாளில் ஈரம் படாத நிலை வரும் வரை தொடருங்கள். நேரமிருந்தால், மூடாமல் ஒரு கம்பித்தட்டில் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு மணி நேரம் விட்டாலும் மேற்பரப்பு நன்றாக வறளும்.

உப்பைச் சுடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு இரு பக்கமும் சீராகத் தூவி, துண்டை மீண்டும் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். உப்பு வெளியே இழுக்கும் ஈரத்தைச் சுடுவதற்குச் சற்று முன் மறுபடியும் ஒற்றி எடுக்க வேண்டும். பதினைந்து நிமிட அவகாசம் இல்லையென்றால், நெருப்பில் இடும் அதே நொடியில் உப்பிடலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்து நிமிடமே மோசமானது, ஏனென்றால் அப்போதுதான் ஈரம் மேலே வந்து நிற்கும்.

இறைச்சியைச் சுடுவோர், அறை வெப்பத்துக்கு வரும்வரை துண்டை வெளியே வைக்கும் வழக்கத்தைச் சூரைக்கும் பொருத்திவிடுகிறார்கள். இங்கே அது இரு வகையில் தவறு. ஒன்று, மேலே சொன்ன ஹிஸ்டமின். மற்றொன்று, நடுப்பகுதி குளிர்ந்திருப்பதுதான் நமக்கு வேண்டியது. குளிர்ந்த நடுவே வெளிப்புறம் நிறமேறும் வரைக்குமான அவகாசத்தை வாங்கித் தருகிறது. எனவே துண்டு ஃப்ரிட்ஜிலிருந்து நேராக நெருப்புக்குப் போகட்டும்.

ஊறவைப்பது கட்டாயமா

கட்டாயமில்லை, நல்ல துண்டுக்கு உப்பும் எண்ணெயும் போதும். ஊறவைக்க விரும்பினால், அந்தக் கலவை மேற்பரப்பில் ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி உள்ளே போவதில்லை என்பதை மனத்தில் கொண்டு, எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு துண்டுகளுக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு இரண்டு பல் என்பது நம்பகமான அளவு. சோயா சாஸ் சேர்த்தால் தனியே உப்பு வேண்டாம். பதினைந்து முதல் முப்பது நிமிடம் ஃப்ரிட்ஜில் ஊறினால் போதும்.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் வேறு கதை. அமிலம் மீனின் புரதத்தைச் சூடில்லாமலே உறையச் செய்யும். இருபது நிமிடத்தைத் தாண்டினால் மேற்பரப்பு வெளுத்து மாவாகி, பின்பு எவ்வளவு சூட்டிலும் சரியாகப் பழுப்பாகாது. புளிப்பைச் சுட்ட பிறகே சேர்ப்பது நல்லது. தேன், சர்க்கரை ஆகியவற்றை ஊறல் கலவையில் சேர்த்தால், நமக்கு வேண்டிய கடுஞ்சூட்டில் அவை மீன் வேகும் முன் கருகிவிடும். பூண்டு, இஞ்சித் துணுக்குகள் ஒட்டியிருந்தால், அவையும் கருகிக் கசக்கும். சுடும் முன் வழித்தெடுத்து, துண்டைத் துடைத்துவிட வேண்டும். மிளகுத்தூளுக்கும் இதுவே விதி, அதைக் கடைசியில் தூவினால் மணம் நிற்கும்.

நெருப்பை ஆயத்தம் செய்தல்

கரி கிரில்லானால், கரி முழுவதும் பற்றி, மேலே சாம்பல் நிறம் பூக்கும் வரை, ஏறத்தாழ 25 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். பற்றவைக்கும் திரவ எரிபொருளைத் தவிர்த்துவிடுங்கள். அதன் வாடையை மீன் வெகு எளிதில் ஏற்றுக்கொள்ளும். கங்குகளைக் கிரில்லின் ஒரு பாதியில் மட்டும் நெருக்கமாகக் குவித்து, மறுபாதியைக் காலியாக விடுங்கள். சுடுவது குவித்த பக்கத்தில்; காலிப் பக்கம், எண்ணெய் சொட்டித் தீ எழும்பினால் துண்டை ஒதுக்கவும், முழு வேக்காடு வேண்டுவோரின் துண்டை மெதுவாக முடிக்கவும் பயன்படும். எரிவாயு கிரில்லானால் எல்லா பர்னர்களையும் முழு அளவில் வைத்து, மூடியைப் போட்டு 15 நிமிடம் காயவிட வேண்டும். கம்பித்தட்டுக்கு 10 சென்டிமீட்டர் மேலே உள்ளங்கையை வைத்தால் இரண்டு நொடிக்கு மேல் தாங்க முடியாத அளவு சூடுதான் நமக்குத் தேவை. கரி கிரில்லை வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ எக்காரணம் கொண்டும் மூட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைக் குடித்துவிடும்.

புகை மணத்துக்காக மரத்துண்டுகளைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான்கே நிமிடம் நெருப்பில் இருக்கும் மீன் புகையை உறிஞ்ச நேரம் ஏது? அந்த முயற்சியை நீண்ட நேரம் சுடும் இறைச்சிக்கு விட்டுவிடலாம்.

மீன் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் தட்டின் அழுக்கினாலும் போதாத சூட்டினாலும்தான். தட்டு நன்றாகக் காய்ந்த பின், பழைய கரிப்படிவைச் சுரண்டி எடுங்கள்; கம்பித் தூரிகையாக இருந்தால், உதிர்ந்த கம்பி ஏதும் தட்டில் தங்கிவிடவில்லை என்று பார்க்க வேண்டும், அது உணவோடு விழுங்கப்பட்டால் தொண்டையிலும் குடலிலும் குத்திக்கொள்ளும். கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியால் பிடித்துத் தேய்ப்பது பாதுகாப்பானது. பிறகு எண்ணெய் தோய்த்து மடித்த துணியை இடுக்கியில் பிடித்து, கம்பிகளின் மேல் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். துண்டின் மேலும் மெல்லிய பூச்சாக எண்ணெய் தடவ வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்று அதிகச் சூட்டிலேயே புகையத் தொடங்கும் எண்ணெய் நல்லது. செக்கு நல்லெண்ணெயும் முதல் பிழிவு ஆலிவ் எண்ணெயும் சுட்ட பிறகு மேலே விடுவதற்கே ஏற்றவை.

சுடுதல்

தட்டு, இடுக்கி, அகன்ற திருப்பி, வெப்பமானி, கடிகாரம் ஆகிய எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்ட பிறகே மீனை எடுக்க வேண்டும். உண்பவர்களும் அதற்குள் அமர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

துண்டுகளைக் கங்குக்கு நேர்மேலே, ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். வைத்த பின் அசைக்க வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். அழுத்தினால் சாறுதான் வெளியேறும். மூடியைத் திறந்தே வைத்திருங்கள், மூடினால் உள்ளே சுற்றும் வெப்பக் காற்று மேற்பக்கத்தையும் நடுவையும் வேகவைத்துவிடும். ஒன்றரை நிமிடத்தில் துண்டின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். கீழிருந்து ஒரு வெளிறிய பட்டை மேலேறிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டை தடிமனில் கால்பங்கை எட்டும்போது திருப்புவதற்கான நேரம். கடிகாரத்தைவிட இந்தப் பட்டையே நம்பத் தகுந்தது. திருப்பியை அடியில் செலுத்தும்போது துண்டு தானாக விடுபட வேண்டும். ஒட்டியிருந்தால் பிடுங்க வேண்டாம், பத்துப் பதினைந்து நொடி பொறுத்தால் பழுப்பேறிய பரப்பு கம்பியை விட்டுவிடும். திருப்பிய பின், ஏற்கெனவே வைத்த இடத்தை விட்டு, சூடு குறையாத புதிய இடத்தில் வையுங்கள். இரண்டாம் பக்கத்திற்கு முதல் பக்கத்தைவிடச் சற்றே குறைந்த நேரம் போதும்.

குறுக்குமறுக்கான கம்பித்தடம் விழ வேண்டும் என்பதற்காகப் பக்கத்திற்கு ஒருமுறை துண்டைச் சுழற்றி வைக்கும் பழக்கம் உண்டு. படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் தடம் விழுந்த இடத்தில் மட்டுமே நிறமும் மணமும் ஏறும். மெல்லிய துண்டை அதற்காகத் தாமதப்படுத்துவது சரியான பேரமாகத் தெரியவில்லை.

இரண்டரை சென்டிமீட்டர் துண்டுக்குப் பொதுவான கணக்கு இது. உள்ளே சிவப்பாகவும் குளிர்ச்சி நீங்கியும் இருக்க வேண்டுமானால் பக்கத்திற்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், உள்வெப்பம் 40 முதல் 43 டிகிரி ஆனதும் எடுத்துவிட வேண்டும். அரை வேக்காட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை நிமிடம், 46 முதல் 48 டிகிரி. முக்கால் வேக்காட்டுக்கு மூன்று நிமிடம், 52 முதல் 54 டிகிரி. நான்கு சென்டிமீட்டர் துண்டானால் ஒவ்வொன்றிலும் பக்கத்திற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். நெருப்பிலிருந்து எடுத்த பிறகும் வெளிப்புறச் சூடு உள்ளே இறங்கி, மூன்று முதல் ஐந்து டிகிரி வரை ஏறும். மேலே சொன்ன எண்கள் அதைக் கழித்துச் சொன்னவை. இந்த வேக்காடுகளுள் முதன்முறை சுடுபவருக்கு நான் பரிந்துரைப்பது அரை வேக்காடு: நடுவில் இளஞ்சிவப்பு, சதை இளகி அடுக்கடுக்காகப் பிரியும், பச்சையாக உண்ணத் தயங்குபவருக்கும் உறுத்தாது.

வெப்பமானியின் முனையைத் துண்டின் பக்கவாட்டிலிருந்து, கிடைமட்டமாக, நடுவரை செலுத்த வேண்டும். மேலிருந்து குத்தினால் இவ்வளவு மெல்லிய துண்டில் முனை எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது. வெப்பமானி இல்லாதவர், ஒரு துண்டின் ஓரத்தைக் கத்தி முனையால் சிறிது பிளந்து பார்க்கலாம். அந்தத் துண்டைத் தமக்கென்று ஒதுக்கிக்கொண்டால் சரியாகிவிடும்.

முழு வேக்காடு தேவைப்படுவோருக்கு, இரு பக்கமும் இரண்டு நிமிடம் கடுஞ்சூட்டில் நிறமேற்றிய பின், காலிப் பக்கத்துக்கு நகர்த்தி, மூடியைப் போட்டு, 63 டிகிரி வரும்வரை மெதுவாக விடுங்கள். நேரடி நெருப்பிலேயே அதுவரை வைத்திருந்தால் வெளிப்புறம் கட்டையாகிவிடும். சற்று வறண்டே தீரும் என்பதால், இந்தத் துண்டுகளை முன்கூட்டி எண்ணெயில் ஊறவைப்பதும், சுட்டவுடன் எண்ணெய்ச் சாறு ஊற்றுவதும் உதவும்.

துண்டு எதிர்பார்த்ததைவிட மெலிந்திருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் நன்றாகச் சுட்டு, மறுபக்கத்தைப் பத்து நொடி மட்டும் காட்டி எடுத்துவிடலாம். சுட்ட பக்கம் மேலே இருக்குமாறு பரிமாறினால் குறை தெரியாது.

கிரில் இல்லாத வீட்டில்

வார்ப்பிரும்பு வாணலியில் இதே வேலை நடக்கும். சொல்லப்போனால், முழுப் பரப்பும் உலோகத்தைத் தொடுவதால், மேலோடு கம்பித்தட்டைவிடச் சீராக அமையும். வரிவரியான கிரில் வாணலியைவிடத் தட்டையான வாணலியே என் விருப்பம். மிதமான தீயில் ஐந்து நிமிடமும் பிறகு உயர்ந்த தீயில் மூன்று நிமிடமும் காயவைத்து, எண்ணெயை வாணலியில் ஊற்றாமல் மீனில் தடவி இடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம், வாணலி குளிர்ந்துவிடும். எள் பூசிய துண்டுகளுக்கு வாணலிதான் ஏற்றது. கம்பித்தட்டில் எள் உதிர்ந்து நெருப்பில் விழும். ஒட்டாத பூச்சுள்ள வாணலியை இவ்வளவு சூட்டுக்கு உட்படுத்தக் கூடாது. புகை எழும் என்பதால் சன்னலைத் திறந்து, புகைவிசிறியை முன்கூட்டியே ஓடவிட வேண்டும்.

ஓய்வு, வெட்டுதல், பரிமாறுதல்

எடுத்த துண்டுகளைச் சூடில்லாத தட்டில், மூடாமல், இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அலுமினியத் தாளால் மூடினால் சூடு தேங்கி வேக்காடு தொடரும். சூரையின் சதையில் இழைகள் ஓடும் திசை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அதற்குக் குறுக்காக, நீண்ட கூரிய கத்தியால், அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அழுத்தாமல் ஒரே இழுப்பில், ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். இழையோட்டத்திலேயே வெட்டினால், நன்றாகச் சுட்ட மீனும் வாயில் நாராகத் தோன்றும்.

மேலே விடுவதற்கு, மூன்று பங்கு நல்ல ஆலிவ் எண்ணெய், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய பசுந்தழை, உப்பு, அப்போதே பொடித்த மிளகு ஆகியவற்றைக் கலந்து வைத்துக்கொண்டால் போதும். கொழுப்பில்லாத மீனுக்குக் கொழுப்பும், சுட்ட மணத்துக்குப் புளிப்பும் வேண்டியிருக்கிறது. இவ்விரண்டும் உள்ள எந்தச் சாறும் பொருந்தும். பச்சை மீன் ஊறிய கலவையை அப்படியே மேலே ஊற்றிவிடக் கூடாது. பச்சை மீனை வைத்த தட்டிலும் சுட்டதை வைக்கக் கூடாது.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மீண்டும் சூடாக்கினால், முன்பு காத்த ஈரம் எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும். குளிர்ந்தபடியே கையால் பிய்த்து, மேலே சொன்ன எண்ணெய்ச் சாற்றில் புரட்டி, வெள்ளரியோடும் வெங்காயத்தோடும் சாலடாகவோ ரொட்டிக்கு நடுவிலோ வைத்து உண்ணலாம். முழு வேக்காடு தேவைப்படும் வீட்டினருக்கு மட்டும், உள்ளே சிவப்பாக எஞ்சியதை இப்படிக் குளிர்ந்த நிலையில் தர வேண்டாம்.